கேமரா சொன்ன இடமும் கல் இருந்த இடமும்

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, உச்சி வெயில் நேரம். ஆய்வு மாணவி ஒருவர் போன் செய்தார். "ஐயா, நீங்க அனுப்பின இடத்துக்கு வந்துட்டேன். இங்க ஒரு டீக்கடைதான் இருக்கு. சுத்துவட்டாரத்துல கல்லு எதுவும் இல்லை."

கடையை அவர் விவரிக்க விவரிக்க எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. புளியமரம், பக்கத்தில் பஞ்சர் கடை. முந்தைய வருஷம் வண்டியை நிறுத்தி டீ குடித்த அதே இடம். நான் எடுத்த நடுகல் படத்தில் கேமரா பதிந்திருந்த இடத்தைத்தான் அவருக்கு அனுப்பியிருந்தேன். சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட அந்தக் கல் இருந்தது அங்கிருந்து 11 கிலோமீட்டர் தள்ளி, ஒரு கொல்லைமேட்டில். இரண்டு பஸ் மாறி வந்த பெண்ணுக்கு ஒரு நாள் வீண். அந்த வருத்தம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

நடுகல் தேடுகிறவர்களுக்கு இடக்குறிப்புதான் உயிர். செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. எசமானுக்காகக் கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரை மகேந்திரவர்மன் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்த எடுத்தனூர் இந்தப் பக்கம்தான். பல கற்கள் வேலிமுள்ளுக்குள் கிடக்கின்றன. 'இரண்டாவது பனைக்குக் கிழக்கே' என்று நோட்டில் எழுதி வைப்போம். அடுத்த முறை போனால் பனை இருக்காது. அதனால்தான் உள்ளேயே ஜிபிஎஸ் இருக்கிற கேமராவாகத் தேடி வாங்கினேன். 2008-ல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் பி6000 காலத்திலிருந்தே எனக்கு இதன் மேல் ஆசை. ஒரு நாளில் 300 படம் எடுத்தாலும் ஒவ்வொன்றுக்குள்ளும் அட்சரேகை, தீர்க்கரேகை தானாகவே ஏறிவிடும். போனில் தனியாகக் குறித்து வைத்தால் எந்தக் குறிப்பு எந்தப் படத்துக்கு என்று ராத்திரி உட்கார்ந்து தேட வேண்டும்.

அன்று இரவு அந்த நடுகல் படத்தின் எக்ஸிஃப் விவரத்தை, அதாவது படக்கோப்புக்குள் கேமரா எழுதி வைக்கும் குறிப்பை, வரிவரியாகப் படித்தேன். படம் எடுத்த நேரம் காலை 10:42. அதற்குக் கீழே ஜிபிஎஸ் நேரம் என்று தனியாக ஒரு வரி: 04:31. ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரத்தில் பதிவாகும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். கூட்டினால் 10:01. ஆக, அந்த இடக்குறிப்புக்கு 41 நிமிஷம் வயசாகியிருந்தது. டீக்கடையில் புளியமரத்தைப் படம் எடுத்தபோது பிடித்த இடத்தையே, கொல்லைமேட்டில் எடுத்த 14 படங்களிலும் கேமரா எழுதி வைத்திருக்கிறது.

இதற்குக் காரணம் மேலே இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,000 கிலோமீட்டருக்கும் மேலே சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் பாதை விவரத்தை விநாடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில் அனுப்புகிறது. 30 விநாடிக்கு ஒரு முறை அதே விவரம் திரும்ப வரும். நடுவில் ஒரு மரமோ பாறையோ மறைத்தால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். இப்படி நாலு செயற்கைக்கோள்களாவது கிடைத்தால்தான் இடம் தெரியும். போன் இந்த விவரத்தை இணையத்திலிருந்தே வாங்கிக்கொள்கிறது, அதனால் சட்டென்று சொல்லிவிடுகிறது. கேமராவுக்கு அந்த வழி இல்லை. அணைத்து, வானம் தெரியாமல் பைக்குள் வைத்து, வண்டியில் போய், திறந்து, மூன்று நிமிஷத்தில் படம் எடுத்து முடித்தால் பாவம் அது என்ன செய்யும்? பழைய இடத்தை எழுதாமல் வெற்றாக விட்டிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். குறிப்பு இல்லையென்றால் நான் உஷாராகியிருப்பேன்.

கோள்களின் பாதையை முன்கூட்டியே கணித்துத் தரும் கோப்புகள் உண்டு. நிக்கான் தருவது இரண்டு வாரம் செல்லும், சோனி தருவது சுமார் ஒரு மாதம். மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு போனால் காத்திருப்பு நன்றாகவே குறைகிறது. என் கேமராவுக்கும் அப்படி ஒன்று உண்டு. நான்தான் வருஷக்கணக்காக ஏற்றாமல் இருந்தேன்.

வெட்டவெளியில், நேரம் கொடுத்தால், இந்தக் கேமரா ஜிபிஎஸ் அருமையாக வேலை செய்கிறது. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரே இடத்தில் நின்று 20 படம் எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டைத் தவிர எல்லாப் புள்ளிகளும் மாடியையும் தெருவையும் தாண்டவில்லை. முள்ளுக்குள் கல் தேட அது தாராளம். உயரக் கணக்கை மட்டும் நான் நம்புவதில்லை, அது படத்துக்குப் படம் ஏறி இறங்குகிறது.

கோயில் மண்டபத்தில் கதை வேறு. கல் கூரைக்குக் கீழே கோள் எதுவும் கிடைக்காது. ஆனால் வாசலில் ஒரு நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால், அந்தப் பழைய இடத்தையே எழுதிக்கொண்டிருக்கும். கொல்லைமேட்டில் என்னை ஏமாற்றிய அதே வழக்கம் இங்கே உதவுகிறது. தூண் கல்வெட்டுகளை இப்படித்தான் எடுக்கிறேன்.

பேட்டரி விஷயத்தில் கவனம் வேண்டும். கேமராவை அணைத்தாலும் ஜிபிஎஸ் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் வகையைச் சேர்ந்தது என்னுடையது. ராத்திரி மெனுவுக்குள் போய் நிறுத்தாவிட்டால் காலையில் பேட்டரி காலி. இன்னொன்று, நடுகல் படத்தை இணையத்தில் போடுமுன் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். புதையல் இருக்கிறதென்று கல்லடியில் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பங்குனியில் அந்த மாணவியை நானே கூட்டிக்கொண்டு போனேன். பழைய படத்தில் பின்னால் தெரிந்த குன்றை வைத்துத்தான் தேடினோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆயாவிடம் படத்தைக் காட்டினோம். "இது எங்க வேடியப்பன் சார். அதோ, அந்தக் கெணத்துக்கு அந்தாண்ட," என்று கோலை நீட்டினார். இந்தப் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்று சாமியாகக் கும்பிடுவார்கள்.

கல்லுக்கு யாரோ புதிதாகக் குங்குமம் வைத்திருந்தார்கள். மாணவி எழுத்தைப் படிக்க உட்கார்ந்துவிட்டார். நான் கேமராவைத் திறந்து, வானம் பார்க்க வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றேன். மூன்று நிமிஷத்துக்குமேல் ஆனது. முதல் படம் எடுத்ததும் ஜிபிஎஸ் நேரத்தைப் பார்த்தேன். 05:17. கைக்கடிகாரத்தில் 10:47.