இரண்டு காந்தாரங்களுக்கு நடுவில்

அக்டோபர் 21

தைராய்டு ஆபரேஷனுக்குத் தேதி இன்னும் வரவில்லை.

அக்டோபர் 23

இன்றும் செரினேடில் வரும் அந்த எலிஜிதான், இரங்கல் பாட்டு. காலையில் ஒருமுறை, இரவில் விளக்கை அணைத்த பிறகு ஒருமுறை.

ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன், பாடகரும் ஹார்னும் கம்பி வாத்தியங்களும் சேர்ந்த 'செரினேட்' என்ற பாட்டுத் தொகுப்பில் வேலை செய்துகொண்டிருந்த 1943 வசந்தத்தில் அவருக்குத் தட்டம்மை. லண்டனில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். புழு அரித்த ரோஜாவைப் பற்றிக் கவிஞர் பிளேக் எழுதிய எட்டு வரிக் கவிதையை அந்தச் சமயத்தில் எலிஜிக்காக ஏன் கையில் எடுத்தார் என்று எனக்குப் புரிகிறது. கீழே கம்பி வாத்தியங்கள் தாளத்துக்குச் சற்றுத் தள்ளித் தள்ளித் துடிக்கின்றன. மேலே பிரெஞ்சு ஹார்ன் என்ற பித்தளை ஊதுவாத்தியம் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்து, அரைப் படி கீழே இறக்குகிறது. அடிஸ்வரத்தை ஸட்ஜமாக வைத்துக் கேட்டால் அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரம் ஆகிறது. நோய் அவ்வளவுதான். அதற்கு மேல் அலங்காரம் கிடையாது. பாடகர் நடுவில் வந்து, பேச்சும் பாட்டுமாக எட்டு வரியையும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஹார்ன் மறுபடி ஆரம்பிக்கிறது.

ஆறுதல் சொல்லாத பாட்டு. அதனால்தான் இப்போது இதைக் கேட்க முடிகிறது.

அக்டோபர் 28

டாக்டர் படம் வரைந்து காட்டினார். குரல் நரம்பு தைராய்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போலப் போகிறது. மேல்ஸ்தாயிக்கு வேலை செய்கிற கிளை இன்னொன்று, சுரப்பியின் மேல் முனைக்குப் பக்கத்தில். நூல் கனம்கூட இருக்காது போலிருக்கிறது. "பாடுவீர்களா?" என்று கேட்டார். பாடுவேன் என்றேன். பேனாவை வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து, மெதுவாக விளக்கினார்.

இரண்டாவது நரம்பைப் பற்றித்தான் வழியெல்லாம் நினைப்பு. பேச்சு வந்துவிடும், சரி. மேலே போகும் குரல்?

அக்டோபர் 29

அக்கா போன். "தம்பி, நீ வாயைத் திறக்காதே. நான் பேசுறேன், நீ உம் கொட்டு, போதும்."

பின்னால் ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டாள். "என்னடா அது, எழவு வீட்டுப் பாட்டு மாதிரி?" ஆமாம், எழவு வீட்டுப் பாட்டேதான் என்றேன். செரினேடிலேயே வரும் 'டர்ஜ்'. இங்கிலாந்தின் வடபகுதியில் பிணத்தை வைத்துக்கொண்டு ராத்திரி விழித்திருந்து பாடியது. உயிர் ஒரு முள்காட்டைக் கடந்து போக வேண்டும். உயிரோடு இருந்தபோது யாருக்காவது செருப்புக் கொடுத்திருந்தால் அங்கே உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம், கொடுக்காதவன் காலை முள் எலும்பு வரை கிழிக்கும். அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை: "அதுக்குத்தானே குடையும் செருப்பும் தானம் கொடுக்கிறோம். அப்பாவுக்குக் கொடுத்தோமே, மறந்துட்டியா?"

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. ஆபரேஷனை வைத்துக்கொண்டு இதையா கேட்கிறாய் என்று ஒரே திட்டு.

நவம்பர் 2

அந்த டர்ஜைப் பற்றி எழுதித் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் தூங்க முடியாது.

ஒன்பது சரணம். ஒன்பதுக்கும் ஒரே மெட்டு, ஒரு ஸ்வரம் மாறாது. பாடகர் தனியாக, மேலே, ஒப்பாரிபோல இழுத்துத் தொடங்குகிறார். கீழே கம்பி வாத்தியங்கள் ஒரு ஃப்யூகைத் தொடங்குகின்றன. ஒரு குரல் சொன்னதை அடுத்த குரல் துரத்திப் பிடிக்க, மேலே மேலே ஏறி வருகிறது அது. பாதி தாண்டியதும் ஹார்ன் அதே துரத்தலில் புகுந்து அலறுகிறது. இத்தனை நடந்தும் பாடகர் காதில் எதுவுமே விழுந்த மாதிரி இல்லை. அதே மெட்டு. வேகம் கூட்டுவதில்லை, பயப்படுவதில்லை, குரலை உயர்த்திச் சண்டை போடுவதுமில்லை. புயல் கடந்து போனபின் முதல் சரணத்தில் இருந்த இடத்திலேயே நிற்கிறார்.

பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் இது எவ்வளவு கஷ்டம் என்று. மேடையில் சுற்றிலும் எல்லாரும் உச்சத்துக்குப் போகும்போது தொண்டை தானாக இறுகும். பிரிட்டனின் வாழ்க்கைத் துணையான பாடகர் பீட்டர் பியர்ஸின் 1944 பதிவில் அந்த இறுக்கம் இல்லை. அவருக்காகவே எழுதியது என்பது ஒரு காரணம். ஹார்ன் வாசித்த டென்னிஸ் பிரெய்னுக்கு அப்போது 23 வயது. 1957இல் கார் விபத்தில் போய்விட்டார்.

நவம்பர் 5

ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. வெளியே பட்டாசுச் சத்தம், ஊரெல்லாம் கொண்டாட்டம். போனை அணைத்துவிட்டேன்.

நவம்பர் 9

வீட்டில் இருந்தால் கடிதப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்ஸ்விச்சிலிருந்து சாக்ஸ்மண்டம் வரை ரயில், அங்கிருந்து பிரிட்டன் வாழ்ந்த கடலோர ஊரான ஆல்ட்பரோவுக்கு பஸ்.

கடற்கரையில் மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கல். சிற்பி மேகி ஹாம்ப்ளிங் 2003இல் நிறுவிய எஃகுச் சிப்பி 4 மீட்டர் உயரம். மேல் விளிம்பில் பிரிட்டனின் 'பீட்டர் கிரைம்ஸ்' ஓபரா வரி, வானம் தெரியும்படி எழுத்துகளை வெட்டியிருக்கிறார்கள்: மூழ்கடிக்க முடியாத குரல்கள் கேட்கின்றன என்று. இன்று அதைப் படிக்கப் பிடிக்கவில்லை. குரல்கள் மூழ்கும். நரம்பு ஒன்று இழுபட்டால் போதும்.

தேவாலயத்துப் பின்புறக் கல்லறைகளில் பிரிட்டனும் பியர்ஸும் பக்கத்துப் பக்கத்தில். பேரும் வருஷமும் தவிரப் பெரிதாக எதுவும் இல்லாத கற்கள். பின்னால் பிரிட்டனுக்கு உதவியாளராக இருந்த இமோஜன் ஹோல்ஸ்ட். கொஞ்ச நேரம் நின்றேன். காற்று தாங்க முடியவில்லை.

நவம்பர் 13

மூன்று மணி. தூக்கம் இல்லை.

கவிஞர் கீட்ஸின் பதினான்கு வரிக் கவிதையை, சானெட்டை, செரினேடின் கடைசிப் பாட்டாக வைத்தாரே, அந்த இடம்! தூக்கமே, வந்து என் மனசாட்சியிடமிருந்து என்னைக் காப்பாற்று, பூட்டில் சாவியைத் திருப்பு என்று கெஞ்சுகிற கவிதை. அதுவரை கூடவே வந்த ஹார்ன் இதில் வாசிப்பதில்லை. வாசிப்பவர் எழுந்து மேடைக்குப் பின்னால் போய்விட வேண்டும், முடிவுரையை அங்கிருந்துதான் வாசிக்க வேண்டும். பாடகரும் கம்பிகளும் மட்டும் மிச்சம். கம்பிகளின் ஸ்வரச் சேர்க்கை பழக்கமான இடத்தில் தொடங்கி, அடுத்த அடியிலேயே எங்கோ நழுவுகிறது, திரும்புகிறது, மறுபடி நழுவுகிறது. தூக்கம் கண் வரைக்கும் வந்துவிட்டுப் போவது இப்படித்தான்.

கீட்ஸ் மருத்துவம் படித்தவர். 25 வயதில் காசநோயில் போனவர்.

நான்கு மணி.

நவம்பர் 14

கடிதம் வந்தது. 29.

நவம்பர் 22

பிரிட்டன் பிறந்த நாள். 1945இல் இதே தேதியில், அவருடைய 32ஆவது பிறந்த நாளில், விக்மோர் ஹாலில் கவிஞர் ஜான் டன்னின் சானெட்டுகளுக்கு அவர் அமைத்த பாட்டுகள் முதலில் அரங்கேறின. அந்த ஜூலையில் வயலின் கலைஞர் யெஹூதி மெனூஹினோடு ஜெர்மனிக்குப் போய், நாஜிகளின் பெல்சன் வதைமுகாமில் உயிர் பிழைத்தவர்கள் முன்னால் வாசித்திருந்தார். திரும்பி வந்து ஆகஸ்டில், காய்ச்சலில் படுத்தபடி, ஒன்பது சானெட்டுக்கும் இசையமைத்தார்.

தட்டம்மையில் செரினேட், காய்ச்சலில் டன். நோய்தான் எழுத வைத்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நோய் எழுத வைக்காது, படுக்கத்தான் வைக்கும். எழுதியது அவர்.

கடைசி சானெட் மரணத்தை நேருக்கு நேர் பார்த்து, ஆட்டம் போடாதே என்கிறது. பியானோவின் இடது கை ஒரே அடிச் சங்கதியைத் திரும்பத் திரும்ப வாசிக்க, குரல் அதன் மேல் நிமிர்ந்து நடக்கிறது. முழுக் குரலில் பாடிப் பார்த்தேன், கதவைச் சாத்திக்கொண்டு. நன்றாக வந்தது. நிஜமாகவே நன்றாக வந்தது.

நவம்பர் 26

பிரிட்டனுக்கும் ஆபரேஷன் நடந்தது. 1973 மே, இதய வால்வு. தாமஸ் மன் கதையை வைத்து எழுதிய ஓபராவை முடிக்காமல் போக மாட்டேன் என்று தள்ளிப்போட்டவர். ஆபரேஷனில் லேசான பக்கவாதம் வந்து வலது கை சரியாக வேலை செய்யாமல் போனது. முப்பது வருஷத்துக்கு மேல் பியர்ஸுக்கு பியானோ வாசித்த கை.

அடுத்த வருஷம் கவிஞர் எலியட்டின் இளவயதுக் கவிதை ஒன்றை எடுத்து பியர்ஸுக்குப் பாட்டாக்கினார், பியானோவை விட்டுவிட்டு ஹார்ப்போடு. ஓசியன் எல்லிஸ் வாசிப்பதற்காக. தன்னால் வாசிக்க முடியாததை வேறு ஒருவர் கையில் எழுதிக் கொடுத்த அந்த மனசைப் பற்றித்தான் இன்று முழுக்க யோசித்தேன். என்னால் அப்படி முடியுமா? என் பாட்டை இன்னொருவர் பாட, நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு? தெரியவில்லை. வேண்டாம், இப்போது வேண்டாம்.

நவம்பர் 28

காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரிக்கு மேல் சாப்பாடு கிடையாது. அக்கா நான்கு முறை கூப்பிட்டுவிட்டாள்.

டிசம்பர் 1

பேர் சொல்லச் சொன்னார் நர்ஸ். காற்றுதான் வந்தது.

டிசம்பர் 2

நரம்பு இரண்டும் முழுசாக இருக்கிறதாம், வீக்கம் வடியட்டும் என்கிறார் டாக்டர். வாரக்கணக்கில் ஆகலாம். அக்காவுக்கு எழுதி அனுப்பினேன். "சாமிக்கு வேண்டியிருக்கேன், நீ கம்முனு இரு" என்று பதில்.

டிசம்பர் 4

1976இல் இன்றுதான் பிரிட்டன் போனார், 63 வயதில். எலிஜியைப் போட்டேன். முதல் அரைப் படி இறங்கியதும் நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் 9

காலையில் கீழ் ஸ்தாயியில் ஒரு சின்ன சத்தம். கரகரப்புத்தான், ஆனால் சுருதி இருந்தது!

தாமஸ் ஹார்டியின் கவிதைகளுக்கு 1953இல் பிரிட்டன் அமைத்த எட்டுப் பாட்டுகளை எடுத்தேன். அப்வே ரயில் நிலையப் பாட்டில் பியானோ வயலின் ஆகிவிடுகிறது, கீழே தாங்க எதுவும் இல்லாத ஒற்றைக் கோடு. பிளாட்பாரத்தில் ஒரு சின்னப் பையன் வயலின் வாசிக்கிறான். கைவிலங்கோடு நிற்கும் கைதி திடீரென்று, இந்தச் சுதந்திர வாழ்க்கையைப்போல உண்டா என்று பாட ஆரம்பிக்கிறான். போலீஸ்காரர் சிரிக்கிறார், தடுக்கவில்லை. ரயில் வரும்வரை இருவரும் தொடர்கிறார்கள்.

கைதியின் வரி மட்டும் என் இப்போதைய ஸ்தாயிக்கு ஒத்து வரலாம். நாளைக் காலை, தேன் தண்ணீர் குடித்த பிறகு, ஒரு படி இறக்கி