கடத்துத்திறன் மட்டும் போதாது

சோடியம் மலிவானது, கடல் உப்பிலேயே கிடைக்கிறது. ஆனால் பெரும்பாலான சோடியம் அயனி பேட்டரிகளுக்குள் ஊற்றுவது, லித்தியம் பேட்டரியில் இருக்கும் அதே வகைக் கார்பனேட் கரைப்பான்களைத்தான். அவற்றுள் ஒன்றான டைமெத்தில் கார்பனேட், 17 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும். இதற்கு மாற்று வேண்டும் என்றுதான் திண்ம மின்பகுளி, அதாவது மின்முனைகளுக்கிடையே அயனிகளைக் கடத்தும் திடப்பொருள், பற்றிய ஆய்வுக்கு வந்தேன்.

தொடங்கியது நாசிகானில். 1976-இல் ஹாங், குட்இனஃப் குழுவினர் அறிவித்த, சோடியம், சிர்கோனியம், சிலிக்கான், பாஸ்பரஸ் சேர்ந்த ஆக்சைடு அது. அதன் படிகக் கட்டமைப்பில் உள்ள இடைவெளிகள் வழியே சோடியம் அயனிகள் தாவிச் செல்லும். பொடியை வில்லையாக அழுத்தி 1200 டிகிரியை ஒட்டிச் சுடும்போதுதான் சிக்கல். சோடியமும் பாஸ்பரஸும் ஆவியாகிக் குறையும். சிர்கோனியா தனியே பிரிந்து அயனிகளை மறிக்கும். அதனால் சோடியத்தைச் சற்றுக் கூடுதலாகச் சேர்த்து, வில்லையை அதே பொடிக்குள் புதைத்துச் சுடுவோம். நன்றாக இறுகிய வில்லை, இடுக்கியால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். மந்தமாக ஒலித்தால் உள்ளே துளைகள் இருக்கின்றன என்று கருவியில் வைக்கும் முன்பே தெரிந்துவிடும்.

அப்படி நல்ல வில்லை கிடைத்தும், அதை வைத்துச் செய்த பேட்டரிக் கலம் ஓடாமல் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகும். திரவம் மின்முனையின் ஒவ்வொரு இடுக்கிலும் புகுந்து நனைக்கும். இரண்டு திண்மங்களோ ஆங்காங்கே சில புள்ளிகளில் மட்டுமே தொட்டுக்கொள்ளும். மின்னோட்டம் முழுவதும் அந்தப் புள்ளிகளில் குவிவதால், சோடியம் உலோகம் வில்லையின் துகள்கள் சேரும் எல்லைகள் வழியே முள்போல வளர்ந்து மறுபுறம் எட்டி, கலத்தைக் குறுக்குச்சுற்றாக்கிவிடும்.

கலப்பு மின்பகுளிமேல் எனக்கு நம்பிக்கை பிறந்தது இந்த இடத்தில்தான். பாலிஎத்திலீன் ஆக்சைடு என்ற பாலிமரையும் சோடியம் உப்பையும் அசிட்டோநைட்ரில் என்ற கரைப்பானில் கரைத்து, நாசிகான் பொடியைக் கலந்து, டெஃப்லான் தட்டில் ஊற்றி உலர்த்தினால் வளையும் படலம் கிடைக்கும். மெதுவாக உலர்ந்தால் கனமான பொடி அடியில் படிந்து, ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் சுண்ணாம்பு பூசியதுபோலவும் இருக்கும். அது உதவாது. சீராக வந்த படலமோ மின்முனையோடு படிந்து ஒட்டும். அதன் கடத்துத்திறன் வில்லையினுடையதில் பத்தில் ஒரு பங்காக இருக்கலாம். ஆனால் 1 மில்லிமீட்டர் வில்லைக்குப் பதில் 50 மைக்ரான் படலம் என்றால், அயனி கடக்கும் தடை பாதியாகிவிடுகிறது.

ஆனாலும் இந்தப் பாலிமரும் எரியக்கூடியதே. கசிவதில்லை, எளிதில் ஆவியாவதில்லை, அவ்வளவுதான். சோடியம் உலோகமோ 98 டிகிரியில் உருகிவிடும். திண்மம் என்ற ஒன்றை வைத்தே பாதுகாப்பானது என்று எழுதிவிடுவதை நான் ஏற்பதில்லை. மாணவர்கள் கடத்துத்திறன் எண்ணோடு வந்தால், படலத்தின் தடிமனையும், 100 டிகிரிக்கு மேல் முழுக் கலம் எப்படி நடந்துகொண்டது என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.