தீபாவளி அன்று நடந்த ஆபரேஷன்

மாஸ்டர் சார்ட்டில் 41ஆவது வரிக்குப் பிறகு ரத்த அழுத்தத்தில் ஒற்றைப்படை எண்ணே இல்லை.

ஒரு சனிக்கிழமை மதியம். ஓ.டி., அதாவது ஆபரேஷன் தியேட்டர் வேலை, முடிந்து துறையில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். என் முதுநிலை மாணவர் தன் தீசிஸை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதையே சுருக்கி ஓர் ஆய்விதழுக்கும் அனுப்புவதாக இருந்தோம். என் கையெழுத்து மட்டும் பாக்கி. தீசிஸின் கடைசியில் வரும் மாஸ்டர் சார்ட்டை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. ஒரு நோயாளிக்கு ஒரு வரி என்று 60 பேர்; வயது, எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கால் மரத்துப்போக எத்தனை நிமிடம், வலி திரும்பி வர எத்தனை நிமிடம் என்று பொடி எழுத்தில் நாலைந்து பக்கம் போகும். நான் அன்றைக்குப் படித்ததற்கும் பெரிய காரணம் இல்லை. வெளியே மழை. விடட்டும் என்று காத்திருந்தேன்.

ஆய்வு, மயக்கவியல் துறைகளில் வழக்கமாக நடப்பதுதான். கால் மரத்துப்போக முதுகில் போடும் பியூபிவகைன் மருந்தோடு, டெக்ஸ்மெடிடோமிடின் என்ற இன்னொரு மருந்தை 5 மைக்ரோகிராம் சேர்த்தால் வலி இல்லாத நேரம் எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பது. மானிட்டர் தானாக அளக்கும் ரத்த அழுத்தம் 113 என்றும் வரும், 127 என்றும் வரும். கையால் பம்ப் அடித்துப் பார்க்கும் கருவியில்தான் இரண்டிரண்டாகக் கோடு போட்டிருக்கும். 41ஆவது நோயாளி வரை 113, 127, 109 என்று வந்தவை, அதன் பிறகு 110, 120, 124, 118 என்று மாறிவிட்டன. எடையும் 55, 60, 65 என்று ஐந்தைந்தாக வந்தது.

பீரோவைத் திறந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் நிரப்பும் ப்ரொஃபார்மா தாள்களை எடுத்தேன். 47ஆவது நோயாளியின் தாளில் இருந்த தேதி, அந்த வருடத்துத் தீபாவளி. அன்றைக்கு எங்கள் ஓ.டி.யில் எமர்ஜென்சி மட்டும்தான் நடக்கும். அவசரமில்லாத, முன்கூட்டியே நாள் குறிக்கும் எலெக்டிவ் கேஸ் எதுவும் போஸ்ட் பண்ண மாட்டார்கள். தாளில் இருந்ததோ எலெக்டிவ் ஹெர்னியா. ஓ.டி. ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து உள்நோயாளிகளின் ஐ.பி. நம்பர்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். 19 பேரைக் காணவில்லை. சில நம்பர்கள் பிரசவத்துக்குச் சேர்ந்த பெண்களுடையவை. மழை எப்போது விட்டது என்றே தெரியவில்லை.

திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டேன்.

"47ஆவது கேஸ் ஞாபகம் இருக்காப்பா?"

"இருக்கு மேம். ஹெர்னியா."

"எந்த தியேட்டர்?"

பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார். "கேஸ் கிடைக்கல மேம். தியேட்டர் ரிப்பேருன்னு மூணு மாசம் மூடிட்டாங்க. அதுக்கப்புறம் எனக்கு ஐ.சி.யூ. போஸ்டிங். சப்மிஷனுக்கு நாளே இல்ல. சி.டி.ஆர்.ஐ.யில 60னு போட்டிருக்கோம். குறைஞ்சா ரிஜெக்ட் பண்ணிடுவாங்கன்னு சீனியர்ஸ் சொன்னாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே மேம்."

குறை சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் இத்தனை வருடங்களில் யார் சொன்னதும் எனக்கு இப்படி உறைத்ததில்லை. 60 என்ற எண்ணைக் கணக்குப் போட்டு முடிவு செய்தது நான். ஆய்வுக்கு ஒப்புதல் தரும் எதிக்ஸ் கமிட்டி முன்னால் அதற்காக வாதாடியதும் நான். தியேட்டர் மூடிக் கிடந்தது எனக்கும் தெரியும். காரிடாரில் பார்க்கும்போதெல்லாம் "தீசிஸ் எப்படிப் போகுது?" என்பேன், "போகுது மேம்" என்பார். இரண்டு வருட வழிகாட்டுதல் அந்த இரண்டு வாக்கியத்தில் முடிந்திருந்தது.

சி.டி.ஆர்.ஐ. என்பது மருத்துவ ஆய்வுகளை முன்கூட்டியே பதிவு செய்வதற்காக 2007இல் ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய பதிவேடு. 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தால்தான் ஏற்பார்கள். எத்தனை பேர், எதை அளக்கப்போகிறோம் என்று முதலிலேயே ஊரறியச் சொல்லிவிட வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு யாரும் இலக்கை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்கான வேலி அது. அந்த வேலியே இவருக்குப் பயமாகிவிட்டது. எண்ணிக்கையை எட்ட முடியாவிட்டால் காரணத்தை எழுதிப் பதிவைப் புதுப்பிக்கலாம், 41 பேரை வைத்தே நேர்மையாக எழுதலாம் என்று நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. பொய் எழுதாதே என்று மட்டும் சொல்லியிருந்தோம்.

19 வரிகள்தானே, ஒரு தீசிஸின் பின்னிணைப்பு தானே என்று கேட்பவர்கள் உண்டு. மயக்க மருத்துவர் ஒருவர் அப்படிக் கேட்டால் எனக்குக் கோபமே வரும். பொய்த் தரவுகளால் அதிகம் அடிபட்ட துறைகளில் எங்களுடையதும் ஒன்று. ஜப்பானின் யோஷிடகா ஃபுஜி, ஆபரேஷனுக்குப் பின் வரும் வாந்தியைத் தடுக்கும் கிரானிசெட்ரான் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதியவர். வெவ்வேறு குழுக்களில் தலைவலி வந்தவர்களின் எண்ணிக்கை அச்சு அசலாக ஒத்துப்போகிறதே, நம்ப முடியாத அளவுக்கு அழகாக இருக்கிறதே என்று 2000ஆம் ஆண்டிலேயே ஐரோப்பிய மருத்துவர்கள் ஓர் இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2012இல் பிரிட்டிஷ் மயக்க மருத்துவர் ஜான் கார்லைல் அவருடைய 168 ஆய்வுகளின் எண்களைப் புள்ளியியல் முறையில் அலசி, இவை தற்செயலாக இப்படி அமையவே முடியாது என்று காட்டினார். அதே ஆண்டு ஜப்பானிய மயக்கவியல் சங்கம் 212 கட்டுரைகளை ஆராய்ந்து 172இல் தரவு புனையப்பட்டது என்றது. அதில் 126 முழுக்க முழுக்கக் கற்பனை. அந்தக் கடிதத்துக்கும் இந்த முடிவுக்கும் நடுவே 12 வருடங்கள். அவ்வளவு காலமும் அந்தக் கட்டுரைகளைப் படித்து யாரோ டோஸ் முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.

இன்னொருவர் விஷயம் எனக்கு நேரடியாகவே தெரியும் என்று சொல்லலாம், ஏனென்றால் அந்த பாட்டில்களை நானே மாட்டியிருக்கிறேன். ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச் என்ற, ரத்தக்குழாயில் ஏற்றும் கரைசல். நான் படித்த காலத்தில் ரத்த அழுத்தம் இறங்கினால் கை தானாக அதற்குத்தான் போகும். அது பாதுகாப்பானது என்று எழுதியவர்களில் முன்னணியில் இருந்தவர் ஜெர்மனியின் லுட்விக்ஷாஃபன் நகர மருத்துவர் யோஆகிம் போல்ட். 2009இல் வெளியான அவருடைய கட்டுரை ஒன்றில் எண்கள் உதைப்பதாக வாசகர்கள் எழுதிக் கேட்டதிலிருந்து விசாரணை தொடங்கியது. எதிக்ஸ் கமிட்டி ஒப்புதலே இல்லாமல் நடந்தவை என்று 2011இல் அவருடைய 88 கட்டுரைகளைத் திரும்பப் பெறுவதாக இதழாசிரியர்கள் கூட்டாக அறிவித்தார்கள்.

2013இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில், பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் ஒரு தொகுப்பாய்வு வந்தது. ஸ்டார்ச் பற்றிய 38 ஆய்வுகள். அவற்றில் 7 போல்ட்டுடையவை. அந்த ஏழிலும் சேர்த்து வெறும் 590 நோயாளிகள். அந்த ஏழையும் சேர்த்தால் ஸ்டார்ச்சால் மரணம் கூடுகிறதா என்பது மங்கலாகத்தான் தெரிந்தது. ஏழையும் நீக்கியபோது மரணமும் சிறுநீரகச் செயலிழப்பும் கூடுவது தெளிவாகத் தெரிந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் தரவை மங்கலாக்க அந்தச் சிறு எண்ணிக்கையே போதுமானதாக இருந்திருக்கிறது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் ஸ்டார்ச் கரைசல்களின் விற்பனை அனுமதியையே நிறுத்திவைத்தது. நான் மாட்டிய பாட்டில்களில் எது யாருடைய சிறுநீரகத்தைப் பாதித்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எங்கள் ஊர்களிலிருந்து போகும் சின்னச் சின்ன ஆய்வுகளும் இதே மாதிரித் தொகுப்பாய்வுகளுக்குள்தான் போகின்றன. அந்த 19 பேரும் போயிருப்பார்கள்.

சரி, மாணவர் விஷயத்துக்கு வருகிறேன். அன்று மாலையே துறைத் தலைவரிடமும் எதிக்ஸ் கமிட்டியிலும் சொன்னோம். 19 வரிகளை நீக்கி, 21 பேர், 20 பேர் என்று இரண்டு குழுக்களையும் வைத்து எல்லாக் கணக்கையும் மறுபடி போட்டார். எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று ஒரு பத்தி எழுதினார். பரீட்சையில் எக்ஸாமினர் அதைத்தான் முதலில் கேட்டார். மாணவர் தியேட்டர் மூடியதைச் சொன்னார். எக்ஸாமினர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கட்டுரையை இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பின, எண்ணிக்கை போதாது என்று. அதற்குப் பிறகு நாங்கள் அனுப்பவில்லை.

இதற்குப் பிறகு நான் என் பெயர் போட்டு வந்த பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றை வெளிவந்த பிறகுதான் முதல்முறையாகப் படித்திருக்கிறேன். சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழுவின் விதிப்படி ஆசிரியராகப் பெயர் போட நான்கு தகுதிகளும் வேண்டும்: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், பிற்பாடு கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு. நம் துறைகளில் மரியாதைக்காகப் பெயர் சேர்ப்பது பழகிப்போன விஷயம். பதவி உயர்வுக்குக் கட்டுரை கணக்கு வேண்டும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. மரியாதை செய்ய நன்றியுரைப் பகுதி இருக்கிறது. நான் இப்போது அதில் என் பெயரைப் போடச் சொல்கிறேன்.

இன்னொரு அனுபவத்தையும் சொல்லியாக வேண்டும். தீக்காயத்தால் தாடை நெஞ்சோடு ஒட்டிப்போன ஒரு பெண்ணுக்கு மயக்கம் கொடுத்தோம். கழுத்தை நிமிர்த்தவே முடியாது. விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக ஸ்கோப் விட்டுக் குழாய் போட்டோம். நல்ல கேஸ் ரிப்போர்ட். படம் எடுத்து, கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை ஒட்டி, எழுதியும் முடித்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு வாங்கிய கையெழுத்து இதற்குச் செல்லாது, தனியாகக் கேட்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். டிரெஸ்ஸிங்குக்கு வந்தபோது படத்தை லேப்டாப்பில் காட்டினோம். நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணை மறைச்சிருக்கீங்க மேடம். ஆனா எங்க ஊர்ல என்னை எல்லாரும் கழுத்தை வச்சுத்தானே அடையாளம் சொல்றாங்க."

கண்ணை மறைத்தால் மட்டும் போதாது என்று விதியிலும் இருக்கிறது. அதை நான் பலமுறை படித்திருக்கிறேன். அவர் சொன்னபோதுதான் புரிந்தது. விஷயத்தை எழுதிக்கொள்ளுங்கள், படம் வேண்டாம் என்றார். படத்தை எடுத்துவிட்டுக் கோட்டுச்சித்திரம் ஒன்று வரைந்து போட்டோம். அதையும் அச்சுக்குப் போகும் முன் அவரிடம் காட்டினோம்.

இப்போது மாதத்தில் முதல் வெள்ளிக்கிழமை, என்னிடம் இருக்கும் மாணவர்கள் ப்ரொஃபார்மா தாள்களோடு வர வேண்டும். ஓ.டி. ரிஜிஸ்டரையும் வைத்துக்கொண்டு சேர்ந்து பார்க்கிறோம். கேஸ் வரவில்லை என்றால் அன்றைக்கே பேசிவிடுகிறோம். போன மாதம் முதலாண்டு மாணவி ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினார்.

"மேம், இந்த கேஸ்ல முதுகுல போட்ட ஸ்பைனல் ஃபெயில் ஆயிடுச்சு. முழு மயக்கம் கொடுத்துட்டாங்க. சார்ட்ல இருந்து எடுத்துடட்டுமா?"

"எடுக்காதம்மா. நடந்ததை அப்படியே எழுது."

அங்கேயே நின்றுகொண்டு எழுதினார். அன்றைய ரத்த அழுத்தம் 131.