லேபிளில் இருந்த சாம்பிராணி

போர்த்துக்கல்லில் இருக்கிற கோயிம்பிராவுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. ஆய்வகத்தில் எனக்கு முதலில் கிடைத்த வேலை, பழைய புட்டிகளுக்குப் போர்த்துக்கீசியத்தில் லேபிள் எழுதுவது. பெரும்பாலும் சுலபம்தான். பென்சீன் என்றால் 'பென்ஸேனு', பென்சாயிக் அமிலம் என்றால் 'ஆசிடு பென்ஸோய்க்கு'. எழுதினேன், ஒட்டினேன், மறந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் மூலிகைக் கடையில், பழுப்பில் வெள்ளைத் திட்டுகளோடு கட்டி கட்டியாக ஒரு பிசின். 'பென்ஜோயிம்' என்று எழுதியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். சாம்பிராணி! தலைக்குக் குளித்த வெள்ளிக்கிழமைகளில் அம்மா என் ஈரமுடியைக் கூடைமேல் விரித்துப் போட்டுக் காட்டுகிற புகை, அதே வாசனை.

அரபு வணிகர்கள் இதை 'லுபான் ஜாவி' என்றார்கள். ஜாவாவின் தூபப் பிசின். சுமத்ராவும் அவர்களுக்கு ஜாவாதான். ஐரோப்பாவுக்கு வருவதற்குள் முன்னாலிருந்த 'லு' உதிர்ந்து, மிச்சம் பென்ஜோயிம் ஆனது. 1563இல் கோவாவில் அச்சான தன் மருந்துநூலில் போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா இதற்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். இந்தப் பிசினைச் சூடாக்கி எடுத்ததால்தான் அது பென்சாயிக் அமிலம். 1833இல் ஜெர்மன் வேதியியலாளர் மிட்செர்லிக் அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சி வடித்தார். கிடைத்த திரவத்துக்கு 'பென்சின்' என்று பெயரிட்டார். அதுதான் இன்றைய பென்சீன். ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே 1825இலேயே பிரித்தெடுத்த பொருள்தான். ஆனால் நிலைத்தது பிசினின் பெயர்.

பென்சீனுக்கு இந்த வாசனை கிடையாது, அது நஞ்சு. ஆனாலும் கல்லூரியில் பென்சீன் மூலக்கூறுக்கு வரைகிற அந்த அறுகோணத்தை எத்தனை ஆயிரம் தடவை வரைந்திருப்பேன்! உள்ளே எங்கள் வீட்டுச் சாம்பிராணி இருப்பதை யாரும் சொல்லவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. நமக்கு இதற்குச் சொந்தமாகவே ஒரு பெயர் இருப்பதால் காதில் விழாமலே போய்விட்டது. பென்ஜோயிம், பென்ஸேனு என்று அடுத்தடுத்துச் சொன்னால் இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் கேட்டுவிடும்.

அந்தக் காலத்தில் பிசினைச் சட்டியில் மெல்லச் சூடாக்கி, மேலே காகிதக் கூம்பைக் கவிழ்த்து வைப்பார்களாம். ஆவி ஏறி, கூம்பின் உட்புறம் வெள்ளை ஊசிகளாகப் படியும். அதற்குப் 'பென்ஜோயிம் பூ' என்று பெயர்.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். "நம்ம சாம்பிராணியிலயா கண்ணு?" என்று இரண்டு தடவை கேட்டார். கம்ப்யூட்டர் சாம்பிராணி வேண்டாம், கல் சாம்பிராணியாகப் பார்த்து நூறு கிராம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கூம்புக்கு வடிதாள் எடுத்து வைத்துவிட்டேன்.