கரிமேட்டில் ஒரு விலங்கியல் வகுப்பு

பதினோராம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில், கணவாய் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று ஒரு மதிப்பெண் கேள்வி வந்தது. மீன்கள் சேர்ந்த தொகுதியான முதுகுநாணிகள் என்று எழுதினேன். வீட்டில் கணவாய் மீன் என்றுதானே சொல்வோம்! வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதியிருந்தோம். விலங்கியல் சார் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மதுரை கரிமேடு மீன் மார்க்கெட் வாசலுக்கு வரச் சொன்னார்.

உயிர்களை வகைப்படுத்தும் படிகளை உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று அதுவரை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தோம்.

சார் நேராகக் கணவாய் விற்கும் அம்மாவிடம் போய் ஒன்றைக் கீறிக் காட்டச் சொன்னார். "இதுக்கு முள்ளே கிடையாது வாத்தியாரே, நடுவுல ஒரு ஓடுதான்" என்றபடி அவர் முதுகுப் பக்கம் கத்தி வைத்து, உள்ளங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளை ஓட்டை உருவி எடுத்தார். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கிறார்களே, அதேதான். நத்தை வெளியே சுமக்கிற ஓட்டைக் கணவாய் உள்ளே வைத்திருக்கிறது, இரண்டுமே மெல்லுடலிகள் என்றார் சார். பக்கத்துக் கூடையில் வயல் நத்தை குவிந்து கிடந்தது. இரண்டு கூடைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது.

அப்புறம் இறாலும் நண்டும். இறாலின் நடக்கிற கால்களை மட்டும் எண்ணச் சொன்னார்: பத்து. நண்டுக்குக் கொடுக்கையும் சேர்த்துப் பத்து. கணுக்கணுவாக மடங்கும் கால், வளரும்போது உரித்துப் போடும் மேலோடு. உலகில் இதுவரை பெயரிட்ட விலங்கினங்களில் முக்கால் பங்குக்கும் மேல் கணுக்காலிகள்தானாம். எங்களைச் சுற்றி மொய்த்த ஈயும் அதில் சேர்த்தி.

பால் சுறாவிடம்தான் அதிக நேரம் நின்றோம். பிள்ளை பெற்றவர்களுக்குப் புட்டு செய்து கொடுப்பார்களே, அது. பெயரில் பால் இருந்தாலும் மீன்தான். பக்கவாட்டில் மூடியில்லாத ஐந்து செவுள் பிளவுகள். அருகில் கிடந்த கெண்டைக்கோ செவுளை மூட ஒரு தகடு. சுறாவின் முதுகில் கத்தி முள்ளங்கியில் இறங்குவதுபோல் இறங்கியது. உள்ளே எல்லாம் குருத்தெலும்பு.

திரும்பும்போது டீக்கடையில் சார் ஒரு சேதி சொன்னார். உயிர்களுக்குப் பேரினம், சிற்றினம் என்று இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸே 1735-இல் வந்த தன் 'சிஸ்டமா நேச்சுரே' நூலில் திமிங்கிலத்தை மீன்களோடுதான் வைத்திருந்தார். 1758-இல் வந்த அந்த நூலின் 10-ஆம் பதிப்பில்தான் பாலூட்டிகளோடு சேர்த்தார். "பேரை விட்டுட்டு உடம்பைப் பாருங்கப்பா" என்றார் சார். தப்பாக எழுதியிருந்த எங்களுக்கு அன்றைக்கு அந்தச் செய்தி எவ்வளவு பெரிய ஆறுதல்!

இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் கணவாய் வாங்கும்போதெல்லாம் சாரை நினைத்துக்கொள்கிறேன். அன்று அந்த அம்மா எங்கள் பெஞ்சு நால்வருக்கும் ஆளுக்கொரு ஓடு கழுவிக் கொடுத்தார். என்னுடையது வீடு மாறும்போது உடைந்துபோயிற்று. மற்ற மூவரில் யாரிடமாவது இன்னும் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.