விடுதி மேசையில் தொடரும் ஆங்கில இலக்கணப் பயிற்சி

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அருகிலுள்ள ஒரு விடுதியில் வரவேற்பு மேசைப் பணியில் இருக்கிறேன். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் சிகிச்சைக்கு வருவோருடன், இந்தி அறியாத எனக்கு ஆங்கிலமே பேசும் வழி என்பதால், பள்ளியில் படித்த இலக்கணத்தை மாலை வேளைகளில் மீண்டும் பயின்று வருகிறேன்.

ஆங்கில நாளிதழில் நம் ஊரைப் பற்றி வரும் சிறு செய்தி ஒன்றை நோட்டில் எழுதி, 'ஏ', 'அன்', 'தி' வரும் இடங்களை வெற்றிடமாக விட்டு, மறுநாள் நிரப்பி, மூலத்துடன் ஒப்பிடுவதே என் முறை. நிரப்பிய ஒவ்வொன்றுக்கும் காரணத்தைத் தமிழில் எழுதிவிடுவேன். காரணம் எழுத வராத இடத்தை, விடை சரியாகவே இருந்தாலும், கற்றதாகக் கொள்வதில்லை.

'ஏ'யும் 'அன்'னும் விரைவில் பிடிபட்டன. எழுத்தைப் பாராமல் ஒலியைக் கேட்டால் போதும்: 'அன் அவர்', 'ஏ யுனிவர்சிட்டி'. 'தி' அவ்வளவு எளிதன்று. வேலூர் என்ற ஊர்ப்பெயருக்கு அது வேண்டாம். ஆற்றுப்பெயரான பாலாற்றுக்கும், அது சென்று கலக்கும் வங்கக் கடலுக்கும் கட்டாயம் வேண்டும். எங்கள் தெருவில் அன்றாடம் பயன்படுவதோ வேறொரு வேறுபாடு. பிரிட்டிஷ் வழக்கில் 'ஹி ஈஸ் இன் ஹாஸ்பிட்டல்' என்றால் அவர் நோயாளியாகச் சேர்ந்திருக்கிறார் என்று பொருள். 'ஹி ஈஸ் அட் தி ஹாஸ்பிட்டல்' என்றால் துணைக்கோ வேலைக்கோ போனவராகவும் இருக்கலாம். அமெரிக்கர்கள் நோயாளியைச் சொல்லும்போதும் 'இன் தி ஹாஸ்பிட்டல்' என்றே சொல்வார்கள். வந்திருப்பவர் நோயாளியா, உடன் வந்தவரா என்பது முதலில் தெரிய வேண்டிய இடத்தில் வேலை செய்வதால், இந்தப் பாடம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

காலங்களுக்குக் கோட்டையை எடுத்துக்கொண்டேன். சிப்பாய்ப் புரட்சி நடந்தது 1806 ஜூலை 10 அன்று. தேதி குறிப்பிடப்பட்டுவிட்டதால் எளிய இறந்தகாலமே வரும், 'ஹேஸ்' சேராது. தமிழில் "நேற்று வந்திருக்கிறார்" என்பது இயல்பான பேச்சு; ஆங்கிலத்தில் 'யெஸ்டர்டே' வந்தவுடன் 'ஹேஸ் கம்' விலகி, 'கேம்' வந்தாக வேண்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு. "மூன்று நாளாக இங்கே இருக்கிறேன்" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் 'ஹேவ் பீன்' கொண்டே சொல்கிறது. அதனுடன் கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்': 'ஃபார் த்ரீ டேஸ்', 'சின்ஸ் மண்டே'. விருந்தினர் பதிவேட்டில் இருக்கும் வருகைத் தேதிகளைப் பார்த்து இவ்விரண்டு வாக்கியங்களையும் மனத்துக்குள் மாறிமாறி அமைத்துப் பழகியதில், இப்போது தயங்காமல் வாயில் வருகின்றன.

இடத்தைக் குறிக்கும் சொற்களுக்குக் காட்பாடி ரயில் நிலையம் ஒன்றே போதுமானதாக இருந்தது. நிலையத்துக்கு 'அட்', நடைமேடைக்கு 'ஆன்', ரயிலுக்கு 'ஆன்', வெளியே ஏறும் ஆட்டோவுக்கு 'இன்'. நின்று நடமாட இடமுள்ள பெரிய வண்டிக்கு 'ஆன்', உட்கார மட்டுமே இடமுள்ள சிறிய வண்டிக்கு 'இன்' என்று நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பொருந்துகிறது.

தற்போது மறைமுகக் கேள்விகளில் இருக்கிறேன். 'வேர் ஈஸ் தி லேப்?' என்பது 'குட் யூ டெல் மீ வேர் தி லேப் ஈஸ்?' என்று மாறும்போது 'ஈஸ்' கடைசிக்குப் போய்விடுகிறது. பணிவாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த அமைப்பையே கையாள்வதால், இது கைவராமல் அடுத்த பாடத்துக்குப் போவதாக இல்லை.