எட்டு மாத வேலையும் இத்தனூண்டு புள்ளிகளும்

2017 ஆகஸ்டில் சென்னையில் ஒரு லேபில் பிஎச்டி சேர்ந்தேன். நெட் தேர்வு எழுதிக் கிடைத்த ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை அப்போது மாதம் 25,000 ரூபாய். "பையன் வேலைக்குப் போயிட்டான்" என்று அம்மா தெருவில் சொல்லிவிட்டார். மறுக்க எனக்கும் மனம் வரவில்லை.

என் தலைப்பு ஆட்டோஃபேஜி. சாப்பாடு கிடைக்காதபோது செல் தனக்குள் கிடக்கும் பழைய சாமான்களை உடைத்துத் தின்று பிழைத்துக்கொள்ளும். அதை ஆராய்ந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல்தான் நோபல் கொடுத்திருந்தார்கள். என் வேலை, ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்களைப் பட்டினி போட்டு எல்சி3 என்ற புரதத்தை வெஸ்டர்ன் ப்ளாட்டில் பார்ப்பது. புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டுப் பிரித்து, தேடும் புரதத்தைக் கோடாகக் காட்டும் சோதனை அது. ஆட்டோஃபேஜி நடக்கும்போது எல்சி3இல் ஒரு கொழுப்பு ஒட்டிக்கொள்ளும். எடை கூடினாலும் ஜெல்லில் அதுதான் வேகமாகக் கீழே ஓடும். ஆக, மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. கீழ்க்கோடு தடித்தால் எங்களுக்குத் தீபாவளி.

முதல் வருடம் கோர்ஸ்வொர்க்கிலும், ஜெல்லிலிருந்து புரதத்தை ஏற்றும் மெம்ப்ரேனை மெத்தனாலில் நனைக்க மறந்து வெற்று ப்ளாட் எடுத்ததிலும் போனது. இரண்டாம் வருடம்தான் விஷயம் வந்தது. ஒரு ஜீனை அடக்கிய செல்களை வேறொரு லேபிலிருந்து வாங்கியிருந்தோம். பட்டினி போடாமலேயே அவற்றில் கீழ்க்கோடு தடித்தது. எட்டு மாதம் திரும்பத் திரும்பச் செய்தேன், ஒவ்வொரு முறையும் வந்தது. கைடு பேப்பருக்குத் தலைப்பே யோசித்துவிட்டார். அந்தச் செல்கள் கொஞ்சம் மெதுவாக வளர்ந்தன. ஜீனை அடக்கியதால்தான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் புதிதாகச் சேர்ந்த ஜூனியர், டாப்பி என்ற நீலச் சாயம் போட்டுப் பழக என் செல்களைக் கொஞ்சம் கேட்டாள். மதியம் இருட்டறையிலிருந்து கூப்பிட்டாள். "அண்ணா, நியூக்ளியஸுக்கு வெளியேயும் ப்ளூவா இருக்கு. நான் சரியா வாஷ் பண்ணலையா?"

குனிந்து பார்த்தேன். நீல உருண்டைகளைச் சுற்றி, ரவையைச் சிந்தியதுபோல் பொடிப்பொடியாகப் புள்ளிகள். டாப்பி டிஎன்ஏவில்தான் ஒட்டும். மைட்டோகாண்ட்ரியாவிலும் டிஎன்ஏ உண்டுதான், ஆனால் இப்படிப் பளிச்சென்று தெரியாது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருந்தும், "இன்னொரு தடவை வாஷ் பண்ணிப் பாரு" என்றேன். பாவம், மூன்று தடவை செய்தாள். புள்ளிகள் அப்படியே இருந்தன. மறுநாள் பிசிஆரும் அதையேதான் சொன்னது: மைக்கோப்ளாஸ்மா.

இந்தக் கிருமிக்குச் செல் சுவர் கிடையாது. சுவர் கட்டுவதைத் தடுக்கும் பெனிசிலின், செல் வளர்க்கும் திரவமான மீடியாவில் இருந்தாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. 0.22 மைக்ரான் ஃபில்டரிலும் நழுவிவிடும். மீடியா கலங்காது, சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது. இதில் சில வகைகள் மீடியாவிலுள்ள அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைத் தின்று தீர்த்துவிடும். அர்ஜினின் இல்லாத செல் பட்டினி கிடக்கும் செல்தான். நான் பட்டினி போடவில்லை, எனக்குப் பதிலாக அது போட்டிருக்கிறது.

கைடிடம் சொன்னேன். கையிலிருந்த டீ ஆறும்வரை பேசவில்லை. அப்புறம், "எத்தனை ப்ளாட்?"

"முப்பத்தொண்ணு சார்."

"தூக்கிப் போடாதீங்க. ஆனா ஒண்ணைக்கூட யூஸ் பண்ணக் கூடாது."

மருந்து போட்டுச் செல்களைத் தேற்றப் பார்ப்பவர்கள் உண்டு. நாங்கள் ப்ளீச் ஊற்றிக் கொட்டினோம். அதே இன்குபேட்டரில் செல் வைத்திருந்த சீனியர் அக்கா ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அவர் செல்களிலும் இருந்தது. நியாயமான கோபம்தான்.

சுத்தமான செல்களில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். நாலு ப்ளாட்கூடத் தேறவில்லை, 2020 மார்ச் ஊரடங்கு வந்துவிட்டது. எல்லாவற்றையும் திரவ நைட்ரஜனில் போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்து முடித்தபோது கிடைத்தது சின்ன வித்தியாசம்: பட்டினி போட்டால் மட்டும், கீழ்க்கோடு லேசாகத் தடிக்கிறது. யோசித்து வைத்த தலைப்புக்கு அது போதாது. என் தீசிஸின் மூன்றாவது அத்தியாயத்துக்குப் போதும்.

2023இல் வைவா, தீசிஸுக்கான வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் ப்ளாட்டைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "மைக்கோப்ளாஸ்மா எத்தனை நாளைக்கு ஒரு தடவை செக் பண்ணுவீங்க?"

"பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை சார்."

பின்வரிசையில் ஜூனியர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எக்ஸாமினர் "சரி, அடுத்த ஸ்லைடு" என்றார்.